சூரியன் சாய்வதற்குள் இரும்புலியூர்

வெள்ளி, காலை 5.40. மதுரையில் ஏறிய ரயில் இருபது நிமிடம் தாமதமாக என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. ஸ்லீப்பர் டிக்கெட் 212 ரூபாய், தூரம் ஏறக்குறைய 470 கிலோமீட்டர், தூக்கம் துளியும் இல்லை. அதற்கு ரயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

மேற்குப் பக்கம் வெளியே வந்தேன். லாட்ஜ் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் ஐம்பது என்றார். நடக்கிற தூரம்தானே என்று வீம்பு காட்டினேன்.

“அப்ப நடந்தே போக்கா, யாரு வேணான்னா? பை கனமா கீதேன்னு கேட்டேன்.”

முப்பதுக்குப் படிந்தார். வழி முழுக்க, சாலையை அகலப்படுத்துகிறேன் என்று தோண்டிப் போட்டவர்களை வாயாரத் திட்டிக்கொண்டே வந்தார். “சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்ல மட்டும் மாட்டிக்காத. பேஜாராயிடும்.” அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு நான் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த வெளிநாட்டு அமைப்புகளால் எனக்கு இரண்டு வருடமாக வேலைக்குப் பஞ்சமில்லை. ரூத் அப்படி வந்தவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நியூயார்க்கில் யூதச் சமூக அமைப்பு ஒன்றில் இருபது வருடமாக வேலை. முதியோர் பராமரிப்பு, அகதிகள் குடியேற்றம் என்று எது தேவையோ அதற்காகச் சட்டமன்ற உறுப்பினர்களின் கதவைத் தட்டிப் பேசுவதுதான் அவர் தொழில். அந்தத் தொழிலைச் சின்னச் சங்கங்களின் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க இங்கே வந்திருந்தார்.

போன மாதம், 2007 ஜனவரியில், தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. அங்குள்ள நலச்சங்கத்தின் செயலாளர் ஜலீல் பாய், ஜி.எஸ்.டி. சாலையில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், இருபது பேரைக் கூட்டி வந்திருந்தார். பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். ரூத்தின் முதல் பாடமே, அதிகாரி முன் போனால் நீ யார், உன்னை அனுப்பியது யார் என்பதை முதலில் சொல் என்பதுதான். தானே செய்து காட்டினார். “நான் ரூத். நியூயார்க்கில் ஒரு யூதச் சமூக அமைப்பிலிருந்து வருகிறேன்.”

தொலைக்காட்சியில் பாலஸ்தீனச் செய்தி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாசலில் ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த ஜலீல் பாயின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தேன். முக்காடிட்ட தலைகளைப் பார்த்தேன். “அமெரிக்காவில் ஒரு சமூக சேவை அமைப்பிலிருந்து வருகிறார்” என்று தமிழில் சொன்னேன். ‘யூத’ என்பதை விழுங்கிவிட்டேன். யாரும் கேட்காமலே.

காலை 8.00. லாட்ஜுக்குக் கீழே ரூத்துடன் இட்லி. அன்று மாலை 6.15க்குச் சூரியன் மறையும். அதன் பிறகு சனி இரவு வரை அவர் வண்டியில் ஏற மாட்டார், பேனா பிடிக்க மாட்டார். ஓய்வுநாள். ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பினால் போதும் என்றார். பயிற்சி எடுத்த பெண்கள் மனு கொடுக்க எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தது காலை 11 மணிக்கு, மறைமலை நகரில், தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரிடம். தாராளமாகத் திரும்பிவிடலாம்.

பிறகு மகிழ்ச்சியோடு ஒன்று சொன்னார். “எங்கள் நிர்வாகக் குழுவுக்கு எழுதிவிட்டேன். ஒரு முஸ்லிம் சங்கம், நாங்கள் யார் என்று தெரிந்தே எங்களை வரவேற்றது என்று. இருபது வருடத்தில் நான் எழுதிய நல்ல கடிதம் அதுதான்.”

 அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்தேன்.

காலை 9.30. இரும்புலியூரில் வேன் காத்திருந்தது. நாள் வாடகை 1,100 ரூபாய், சங்கம் கொடுக்கிறது. ஜலீல் பாய் முன்னால் ஏறினார். பின்னால் நூர்ஜஹானும் இன்னும் மூன்று பெண்களும். நூர்ஜஹானுக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை முடிந்து வரும் வேன் இந்தப் பெண்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓடித்தான் வீடு சேர வேண்டும். ஓடியதில் அவள் அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. எட்டு மாதமாகப் படுக்கை. வேனைத் திருப்பி வீட்டுப் பக்கம் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கோரிக்கை. ஒன்றே ஒன்று கேள் என்பதும் ரூத்தின் பாடம்தான்.

“காய்ச்சல்னு சொல்லிட்டு வந்துகீறேன்கா” என்றாள் என்னிடம். “மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளிக்கி வராதன்னுடுவான்.”

பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி. ஏறக்குறைய இருபது கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. நூர்ஜஹான் தன் மூன்று நிமிடப் பேச்சை வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

காலை 11.10. அதிகாரி ஆய்வுக்குப் போய்விட்டாராம். நாலு மணிக்கு வரச் சொன்னார் உதவியாளர். ரூத் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் வரலாமா என்று அவரைக் கேட்டேன். காய்ச்சல் பொய்யை வேனிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். நூர்ஜஹானைக் காட்டி, “இவளுக்கு அடுத்த வாரமும் காய்ச்சல் வருமா?” என்றார். காத்திருப்பது என்று முடிவானது.

பகல் 2.15. ஜலீல் பாய் ஜும்மா தொழுகை முடித்து, எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். ஒன்று ஐம்பது ரூபாய். ரூத் கைகூப்பி மறுத்துவிட்டு இரண்டு வாழைப்பழம் உரித்தார்.

“காரம் கம்மிதான், சொல்லுங்க மேடம்.”

“அவங்களுக்கு வயிறு சரியில்லை பாய்” என்றேன். பொய் ஒன்று தனியாக நிற்காது போலிருக்கிறது. துணைக்கு ஆள் கேட்கிறது.

“சாயங்காலம் சீக்கிரம் போவணும்னீங்களே, அதுவும் வயித்துக்கா?”

ஆமாம் என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார். சைகை காட்டி என்னைக் கூப்பிட்டார்.

“நான் பத்தொம்பது வயசுல கொச்சியில, மட்டாஞ்சேரில, மசாலா கிடங்குல கணக்குப்பிள்ளையா இருந்தேன். நாலு வருஷம். மொதலாளி யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா பேனாவத் தொட மாட்டாரு. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தா, அவங்க முறைப்படி அறுக்காத கறின்னு வாழைப்பழம் மட்டும்தான் சாப்பிடுவாரு.” நிறுத்தினார். “இந்தம்மா யூதர்தானே?”

 ஆமாம் என்றேன்.

“மறைச்சது அவங்களா?”

“இல்லை பாய். முதல் நாளே சொன்னார். நான்தான் தமிழில் விட்டுவிட்டேன்.”

“ஏன்?”

“நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்று.”

“போயிருப்பேனோ என்னவோ. அது எனக்கே தெரியல” என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஆனா அது நான் முடிவு பண்ண வேண்டியது மேடம். எனக்கு பதிலா நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? நாளைக்கு பள்ளிவாசல் ஜமாஅத்துல யாரு அதுன்னு கேட்டா, எனக்கே தெரியாதுன்னு சொல்லணுமா?”

நடந்து போய்ச் சாலையோரம் நின்றார். வேன் டிரைவரிடம் ஏதோ கேட்டார். அவர் கிளம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் நான்கு பெண்களும் ஏறிவிடுவார்கள். நூர்ஜஹானின் ஒரு நாள் கூலி, சொன்ன பொய், அக்காவின் இடுப்பு, எல்லாம் வீண். என்னால். 

ரூத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த பழத்தோலை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்படியானால் என் கடிதம் பொய்” என்றார். எழுந்து, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்.

மாலை 4.00. ஜலீல் பாய் திரும்பி வந்து, பெண்களை உட்காரவைத்து விஷயத்தை அவரே சொன்னார். யார் வேண்டுமானாலும் போகலாம், வேன் தயார் என்றார். ஒரு பெண் முந்தானையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், ரூத்தைப் பார்க்கவில்லை.

நூர்ஜஹான் எழுந்தாள். “அத்த அப்பாலிக்கா வூட்ல வெச்சி பேசிக்கலாம் பாய். நாங்க கேக்க வந்தத கேட்டுட்டு போலாம். நாளிக்கி எனுக்கு வேல கீதோ இல்லியோ.” என் பக்கம் திரும்பினாள். “உன்ன நம்பினம்கா.”



மாலை 4.50. கூப்பிட்டார்கள். ஜலீல் பாய்தான் தொடங்கினார். தன் பெயர், சங்கத்தின் பெயர். “இவங்க ரூத், அமெரிக்காவுல யூதச் சமூக அமைப்புல வேலை. எங்களுக்குப் பேசக் கத்துக்கொடுத்தவங்க. இன்னைக்கி சும்மா பார்க்க வந்திருக்காங்க.” அதிகாரி தலையசைத்தார். என்னை அவர் அறிமுகப்படுத்தவில்லை.

பாதிக்கப்பட்டவரே பேச வேண்டும், ஊழியர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் பாடம். நூர்ஜஹான் பேசினாள். மூன்று நிமிடமும் பேச்சு தடுமாறவில்லை. அதிகாரி பெயர் கேட்டார். வேலை போகும் பயம் இருந்ததால், அவள் மட்டும் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று பயிற்சியில் பேசி வைத்திருந்தோம். அவள் ஒரு நொடி தயங்கி, தன் பெயரும் கம்பெனியும் ஷிப்டும் சொன்னாள். ஒரு பக்க மனுவை மேஜையில் வைத்தாள்.

ஒப்பந்தக்காரர்களைத் திங்கட்கிழமை கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார் அதிகாரி. மனுவில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நடக்குமா, யார் கண்டது? ஆனால் எழுதினார்.

மாலை 5.05. வேன் கிளம்பியது. வண்டலூரில் நின்றது. ஆட்டோக்காரர் சொன்ன பேஜார் இதுதான். பள்ளம், ஒற்றை வழி, ஹாரன். ஊர்ந்து ஊர்ந்து பெருங்களத்தூர் வந்தபோது மணி 6.05. மேற்கே வானம் சிவந்துவிட்டது. ரூத் டிரைவரின் தோளைத் தட்டினார், இறங்கினார். தாம்பரத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். நானும் இறங்கினேன்.

முன் கதவும் திறந்தது. ஜலீல் பாய். “எனக்கும் பொழுது சாஞ்சதும் மஃரிப் தொழணும். இந்த வண்டிய நம்பினா ராத்திரி இஷாதான்” என்றார். நாலடி நடந்ததும் திரும்பி என்னிடம் சிடுசிடுத்தார். “அவங்க பையை வாங்குங்க. பொழுது சாஞ்சா தெருவுல எதையும் தூக்கக் கூடாது அவங்க. கூடவே இருக்கீங்க, இதுகூட தெரியாதா?”

வாங்கிக்கொண்டேன். தெரியாதுதான். மூன்று பேரும் புழுதியில் வரிசையாக நடந்தோம். பாங்கு கேட்டதும் ஜலீல் பாய் பள்ளிவாசல் இருந்த ஒரு சந்துக்குள் வேகமாகப் போனார். ரூத் நின்றார். நாம் நடக்கலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். பத்து நிமிடம் கழித்து ஜலீல் பாய் வெளியே வந்தபோது, நாங்கள் நிற்பதைப் பார்த்து அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு மண்டபம்” என்றார் என்னிடம். “அந்த இருபது பேரையும் கூப்பிடறேன். இந்தம்மா யாருன்னு அவங்களே சொல்லட்டும்.”

ஞாயிறு, காலை 10.00. இருபது பேரும் வந்துவிட்டார்கள். பழக்கத்தில் ரூத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஜலீல் பாய் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். “நீங்க உக்காருங்க மேடம். நான் சொல்லிக்கறேன்.”

மட்டாஞ்சேரிக் கிடங்கில் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு, திக்கித் திக்கி, ரூத் பேசியதில் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னார். யூதர் என்பதையும் சொன்னார். பாலஸ்தீனம் பற்றி ஒரு பெண் கடுமையாகக் கேட்டதை அப்படியே ரூத்துக்குச் சொன்னார். ரூத் தந்த பதில் அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. அதையும் ரூத்திடம் சொன்னார். நான்கு பேர் எழுந்து போனார்கள். “They are going, because you Jew,” என்றார். ரூத் எழுந்து நின்று, அவர்கள் போகும்வரை உட்காரவில்லை. மேஸ்திரி சனிக்கிழமை தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டதை நூர்ஜஹான் எல்லார் முன்னாலும் சொன்னாள். திங்கட்கிழமைக்கு அந்த அலுவலகத்துக்கு யார் யார் போவது என்று பேச்சு அங்கிருந்து தொடர்ந்தது.

ஞாயிறு, மாலை. தாம்பரம் ரயில் நிலையம், டீ மூன்று ரூபாய். எங்கள் மதுரையில் கோயில் வாசலில் பூ விற்பவரில் தொடங்கி தர்காவுக்கு எண்ணெய் கொடுப்பவர்வரை எல்லாருடனும் பழகியவள் நான் என்று மேடைகளில் பெருமை பேசியிருக்கிறேன். கிளம்பும்போது ரூத் கை குலுக்கினார். அடுத்த வேலைக்குக் கூப்பிடுவேன் என்று சொல்லவில்லை. அது நியாயம்தான். எனக்கு அதைவிட அந்த மண்டபம்தான் உறுத்துகிறது. உண்மையைக் கேட்டபிறகும் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதம் முழுக்க நான் அவர்களில் ஒருவரைக்கூட நம்பவில்லை.