அடுப்புக்கு மேலே தொங்கிய பனங்கட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கட்டிக் குட்டானைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அந்தச் சின்ன ஓலைப்பெட்டிகள் மாமியின் குசினியில் அடுப்புக்கு மேலே கோர்வையாகத் தொங்கிய காட்சி வந்துவிடும்.

மாமா புகையிலைத் தோட்டக்காரர். வாயில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை; பனங்கட்டி கடிக்காமல் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது. சண்டைக் காலத்தில் பொருட்களுக்குத் தடை போட்டு ஊரே சீனிக்கு அலைந்தபோது, "எனக்கென்ன, பனை நிக்குதுதானே" என்று சிரித்த மனிதர். கன்னத்தின் உட்புறத்துப் புண் ஆறவில்லை. புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்குப் போய்க் கரண்ட் பிடிக்க வேண்டும், அதுதான் கதிர்ச் சிகிச்சை, பயண அனுமதி கிடைக்கும்வரை உடம்பைத் தேற்றுங்கள் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். மாமி ஏதோ கேட்க, "உந்தக் கட்டி மற்றத் தசையைப்போலை இல்லையம்மா, சீனியை அள்ளி அள்ளித் திண்டு வளரும்" என்று விளக்கமும் சொன்னார். மாமி அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்.

"உதுக்கு நான் தீனி போடமாட்டன்" என்று பனங்கட்டியை நிறுத்தினார். சோறும் உள்ளே போனால் சீனிதான் என்று யாரோ சொல்ல, சோறும் கஞ்சியும் நின்றன. அரைகுறையாய்ச் சொல்லிவிட்டுப் போகிற வாய்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. முருங்கையிலைச் சாறுதான் மாமாவுக்குச் சாப்பாடு. வாங்கிய குட்டான்களை மட்டும் மாமி கட்டித் தொங்கவிட்டார். "சுகமாகி வந்து திண்ணட்டும்." மாமா அண்ணாந்து பார்ப்பார், கேட்கமாட்டார். "அவள் எனக்காகத்தானே பாடுபடுறாள், பிள்ளை" என்பார் என்னிடம்.

அனுமதி வந்தபோது, கிளாலியில் கடனீரேரியைக் கடக்க அவரைத் தூக்கித்தான் வள்ளத்தில் ஏற்றினோம். கொழும்பு டொக்டர் மாமியிடம் கோபப்பட்டார். "ஏனம்மா பட்டினி போட்டனீங்கள்? நீங்கள் குடுக்காட்டியும் அது விடாது. இவரின்ரை தசையைக் கரைச்சுத் தனக்கு வேண்டியதை எடுக்கும். பட்டினி கிடந்தது இவர்தான். இந்த உடம்பு கரண்டைத் தாங்காது."

சிகிச்சை இல்லாமலே ஊர் திரும்பியதும் மாமி முதல் வேலையாக ஒரு குட்டானைப் பிரித்தார். மாமாவின் தாடை அதற்குள் இறுகிப் பூட்டிவிட்டது. பனங்கட்டியைக் கரைத்துப் பல்லிடுக்கில் கரண்டியால் விட்டார். அது கன்னத்துப் புண்ணின் ஓட்டை வழியே வெளியே வடிந்தது. "இஞ்சேருங்கோ, இனிக்குதோ?" மாமா தலையாட்டினார். மாமி துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு வெறுந்தேத்தண்ணீரோடு கடிக்க அந்தக் கோர்வையைத்தான் இறக்கினார். என் உள்ளங்கையிலும் ஒரு துண்டை வைத்து, "அவருக்கெண்டு வைச்சது, தின்னு பிள்ளை" என்றார். நான் விரல்களை மூடிக்கொண்டேன். அது கைக்குள்ளேயே கரைந்தது.

நேற்றுச் சந்தையில் கடைக்காரி, "கடிச்சுப் பாருங்கோ அக்கா, நல்ல இனிப்பு" என்று ஒரு துண்டை நீட்டினாள். கை நீளவில்லை.