காதக்கா வீட்டுக் கப்பல் பஞ்சாயத்து

"நீங்க பேசாதீங்க. அவரு சொல்லட்டும்."

காதக்காவின் அதட்டலில் மகன் வாயை மூடிக்கொள்கிறார். மருமகளால் அது முடியவில்லை. "இல்லைங்க, மாமாவுக்கு அந்தச் சின்னச் சத்தமெல்லாம் கேக்கவே கேக்காது..." கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், கையிலுள்ள பொத்தானை அழுத்தலாமா வேண்டாமா என்று மருமகளின் உதட்டைப் பார்த்து முடிவு செய்யப் பார்க்கிறார்.

"உங்க காதையா சோதிக்கிறேன்? வெளியே ரெண்டு நாற்காலி போட்டிருக்கேன். போய் உக்காருங்க. உங்க முறை வரும்போது கூப்பிடுறேன்."

ஒருவருக்கு எது கேட்கிறது, எது பிடிக்கிறது, எது வலிக்கிறது என்பதை அவரைச் சுற்றி நிற்பவர்கள் ஏன் அவரைவிட உறுதியாகச் சொல்கிறார்கள்? காதக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். அவருக்கு இது கேள்வியே அல்ல, அநியாயம். காது மெஷின் பொருத்தும் தொழிலில் அவர் தினமும் காண்பது செவிட்டுத்தனத்தைவிட இதைத்தான்.

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லோரும் காதக்கா என்றுதான் அழைக்கிறோம். என் எதிர் வீடு. என் இடது காதில் இருப்பது அவர் பொருத்திய கருவி. ஆகவே அவர் சொல்வது எதுவும் கேட்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. ஒல்லியான உடம்பு. தோடு கிடையாது. காதைப் பார்த்துப் பிழைக்கிறவர் இப்படி வெறுங்காதோடு இருக்கலாமா என்று யாராவது கேட்டால், "கடைக்கு வர்றவங்க என் காதைப் பாக்கவா வர்றாங்க?" என்பார். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பேச வேண்டுமென்றால் எதிரே வந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். மெஷின் பொருத்தியதும், வந்தவர் உதட்டைப் படித்துத் தப்பித்துவிடாதபடி வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு சின்னக் குரலில் எதையாவது சொல்வார். பெரும்பாலும் வசவு. "உங்க மூஞ்சியில மீசை நல்லாவே இல்ல" என்று அட்டைக்குப் பின்னாலிருந்து சொல்லி, எதிரே இருப்பவர் திடுக்கிட்டால், "கேக்குது" என்று கருவியை முடுக்கி வைப்பார்.

அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கோபத்தை நியாயத்தோடு குழப்பிக்கொள்ளும் பழக்கம் அவரிடம் உண்டு. தன் கோபம் எழுந்துவிட்டால் எதிராளி தப்பு செய்துவிட்டார் என்பது அவருக்கு நிரூபணமாகிவிடும். கணவர் சமாதானப் பிரியர். அதாவது கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் பெண், பதினாறு வயது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு மூடி போட்ட டப்பாவில் மஞ்சள் கூழ் போன்ற ஓர் உயிரை வளர்க்கிறாள். அது செடியும் இல்லை, பிராணியும் இல்லை. பூஞ்சை என்றால் அவளுக்குக் கோபம் வரும். ஓட்ஸ் தூவிய பக்கமாக மெல்ல நகரும். கண்ணும் மூளையும் இல்லாத ஒன்று தனக்கு வேண்டியதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று அவள் மணிக்கணக்காகப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அதற்குப் பெயர் "ரெண்டாவது தம்பி". முதல் தம்பிக்குப் பதினாலு வயது, அவனுக்குச் சாக்கடை. எந்தத் தெருவின் தண்ணீர் எந்தக் குழாயில் சேர்ந்து எங்கே போகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் வீட்டுக் கழிவறை அடைத்துக்கொண்டபோது, குழாய்காரர் வருவதற்கு முன்பே வந்து நின்று, "மாமா, இது உங்க தப்பில்ல, ரெண்டாவது மாடியோட தப்பு" என்று எனக்கு ஆறுதல் சொன்னவன்.

இந்த வீட்டுக்குள்தான் கப்பல் வந்தது.

கணவரின் அக்கா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளியிலிருந்துதான், தலைமையிலிருந்து அல்ல. குடும்பம் மொத்தமும் ஒரு வாரம் உல்லாசக் கப்பலில் போக வேண்டும், செலவு தன்னுடையது என்று அறிவித்தார். அதுவரை யாருக்கும் வருத்தமில்லை. ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் தீ வைத்தது.

"ஒரு வாரம் கடல் காத்து பட்டா இந்தக் கிறுக்கெல்லாம் தெளிஞ்சிடும். நாலு பசங்களோட ஆடிப் பாடினாத்தான் மனுஷப் பசங்களா வரும்."

"என் பசங்களுக்குக் கிறுக்கு இல்ல அண்ணி. அதுங்களுக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"பேயும்தான் பிடிக்கும்."

அதன் பிறகு எங்கள் மாடியில் நிம்மதி இல்லை. கப்பல் நிறுவனத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை காதக்கா என் வீட்டு மேசையில் கொண்டுவந்து அறைந்தார். "பாருங்க சார். 'இளையோருக்கு எல்லையில்லாக் குதூகலம்'னு போட்டிருக்கான். படத்தைப் பாருங்க. எத்தனை பல்லு!" பார்த்தேன். எல்லை இல்லாத குதூகலத்துக்கு மூன்றே வாசல்கள் இருந்தன: நடன மேடை, விளையாட்டுத் திரைகள், தண்ணீர்ச் சறுக்கு. நான்காவதாக ஒன்றில் ஆசை உள்ள பிள்ளை அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. எனக்கும் கோபம் வந்தது. பந்தை உதைக்கிறவனுக்கு ஆர்வம் என்கிறோம். பந்து விழுந்த சாக்கடை எங்கே போகிறது என்று கேட்கிறவனுக்குக் கிறுக்கு என்கிறோம். கூட்டம் சேர்ந்தால் ரசனை, தனியாக இருந்தால் நோய். இந்தக் கணக்கைப் போட்டது யார்?

ஒரு நாள் என் மெஷினைச் சுத்தம் செய்யக் கடைக்குப் போயிருந்தேன். காதக்கா அப்போதுதான் கப்பல்காரர்களை அழைத்திருந்தார். அவர் போன் பேசுவது எப்போதும் ஸ்பீக்கரில்தான்.

"உங்க கப்பல்ல கழிவுத் தண்ணி எங்க போகுது?"

"மேடம்?"

"மூவாயிரம் பேர் குளிக்கிறாங்க, துவைக்கிறாங்க, மத்ததும் போறாங்க. அதெல்லாம் எங்க சுத்தமாகுது? என் பையன் அந்த இடத்தைப் பாக்கணும்."

மறுமுனையில் இளைஞன் சிரித்தான். "மேடம், நாங்க நீச்சல் குளம் காட்டுறோம். சாக்கடை காட்டுறதில்ல." அவனுக்குப் பின்னால் இன்னொருவரும் சிரிப்பது கேட்டது.

காதக்காவின் கை என் மெஷினைத் துடைப்பதை நிறுத்தியது. "தம்பி, உங்க வீட்டுல குழாய் அடைச்சா யாரைக் கூப்பிடுவீங்க? ஆடத் தெரிஞ்சவனையா?"

சிரிப்பு நின்றது.

"சரி. என் பொண்ணு ஒரு டப்பா கொண்டு வரணும். உயிருள்ளது."

"நாய்க்குட்டியா, பூனையா மேடம்?"

"ரெண்டும் இல்ல. மஞ்சளா, கூழ் மாதிரி. ஓட்ஸ் சாப்பிடும்."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்." குழலிசை ஒன்று கிளம்பியது. காதக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டு, என் மெஷினுக்குப் புது பேட்டரி போட்டு, காதில் மாட்டிவிட்டார். இசை இன்னும் தெளிவாகக் கேட்டது. அது தானாகவே அறுந்துபோகும்வரை இருவரும் கேட்டோம்.

"அவமானம் எனக்கில்ல சார்," என்றார். "வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்களே, அவங்களுக்கு. ஒரு வாரம். தப்பிச்சு ஓட வாசல் கிடையாது, சுத்தித் தண்ணி. சாப்பாட்டு மேசையில தினமும் அண்ணி, பெரியப்பா வீட்டுப் பசங்க, எல்லாரும் சேர்ந்து 'சாக்கடை', 'சளி'ன்னு சிரிப்பாங்க. அதுங்க சிரிச்சு மழுப்பக் கத்துக்கும். அந்தச் சிரிப்பு வந்துடுச்சுன்னா அப்புறம் அந்த டப்பாவை அதுங்களே தூக்கிப் போட்டுடும். அதைப் பாக்க நான் தயாரா இல்ல."

அவர் அஞ்சியது இதற்குத்தான். வேண்டாமென்றால் அண்ணியோடு உறவு முறியும். கணவர் அக்காவின் தயவில் படித்து ஆளானவர். சரியென்றால் பிள்ளைகள் முறிவார்கள்.

முடிவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காதக்கா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். நடுநிலைக்கு ஆள் வேண்டுமென்று அண்ணியே என்னை அழைத்தார்; கண்ணாடி போட்டு, தடிப் புத்தகம் படிக்கிற ஆள் தன் பக்கம்தான் பேசுவான் என்று நினைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். ஒருத்தி பூதக்கண்ணாடியோடு. ஒருவன் எதையோ வரைந்துகொண்டு.

"அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றார் அண்ணி. "எத்தனை பசங்களை மேய்ச்சிருக்கேன்! எனக்குத் தெரியும்."

"அவங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"முதல்ல முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. மூணாம் நாள் இறங்க மாட்டேன்னு அடம்பிடிப்பாங்க."

"மூணாம் நாள் என் பையன் அறையை விட்டு வெளியவே வர மாட்டான். என் பொண்ணுக்குச் சத்தம் ஆகாது. கூட்டம் ஆகாது. இவ ஆடவும் மாட்டா, பாடவும் மாட்டா..."

"நீயே இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் கெடுத்து வச்சிருக்க."

"ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு," என்றார் கணவர். இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

"நீங்க சொல்லுங்க சார்," என்றார் அண்ணி. நான் வாயைத் திறப்பதற்குள் மேசைப் பக்கமிருந்து மகளின் குரல் வந்தது. உரத்த குரல் அல்ல.

"அம்மா. கடையில யாராவது இப்படிப் பேசினா நீ என்ன பண்ணுவ?"

காதக்கா திரும்பினார்.

"அத்தையை வெளிய உக்காரச் சொல்லுவ. உன்னையும்தான் சொல்லணும். ரெண்டு நாற்காலிதானே, சரியா இருக்கும்."

தம்பி வாய்க்குள் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. காதக்காவின் முகத்தில் நிறம் ஏறுவதை நான் பார்த்தேன். கோபம் வந்தால் உடனே எதிராளியைத் தேடுகிற கண்கள், அந்த அறையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, யாரிடமும் நிற்காமல் தரைக்கு வந்தன. இத்தனை வாரமாக என்னிடம் எத்தனையோ சொன்னார். அதில் ஒன்றுகூட 'அவ சொன்னா', 'அவன் சொன்னான்' என்று தொடங்கியதில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நானும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டுதானே இருந்தேன்.

மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்து, "சரி, சொல்லுங்க," என்றார்.

"நான் போறேன்," என்றான் பையன். "அந்த இடத்தைக் காட்டலன்னா பரவாயில்ல. கப்பலோட பக்கவாட்டுல தண்ணியை வெளிய விடுற ஓட்டை இருக்கும். துறைமுகத்துல நிக்கும்போது கீழ இறங்கிப் பாத்துக்குவேன்."

"நானும்," என்றாள் பெண். "அவ்வளவு ஈரத்துல எந்த மூலையில பூஞ்சை பிடிக்குதுன்னு பாக்கணும். ரெண்டாவது தம்பிக்கு என் ஃபிரெண்ட் ஓட்ஸ் போடுவா. கேட்டுட்டேன். ஆடச் சொன்னா ஆட மாட்டேன். அதை நானே சொல்லிக்குவேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

"பாத்தியா!" அண்ணி கையைத் தட்டினார். "நான் சொன்னேன்ல!"

"உங்களுக்காக வரல அத்தை."

பஞ்சாயத்து அதோடு கலைந்தது. தோற்றவர் முகம் யாருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து வந்த நாட்களில் காதக்கா கடைக்கு வருகிறவர்களிடம் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தார். வெளி நாற்காலிகள் காலியாகவே இருந்ததில்லை. ஆனால் பயணத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கினார். தனக்கென்று அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கி, மாடிப்படியில் என்னிடம் போட்டுக் காட்டினார். "சின்ன வயசுல இருந்து எனக்குக் கடல்னா உசுரு சார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வாரம் முழுசா லீவு, இதுதான் முதல் தடவை." அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

புறப்படும் நாளன்று அவர்கள் காரை நான்தான் ஓட்டிப் போனேன். திருப்பிக் கொண்டுவந்து நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. துறைமுகக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கார் நிறுத்த இடம் கிடைத்தது. உள்ளே அண்ணி கையில் குடையோடு, பள்ளிச் சுற்றுலா போல ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். காதக்கா கைப்பையிலிருந்து பயணச் சீட்டுகளை எடுத்தார். கணவரிடம் ஒன்று. மகளிடம் அவளுடையது. மகனிடம் அவனுடையது. அவர்கள் ஒவ்வொருவராகத் தடுப்பைத் தாண்டிப் போனார்கள். பையன் ஏதோ கேட்டான், தலையசைத்தார். பிறகு, தன் சீட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, உள்ளே வருகிற கூட்டத்துக்கு எதிராக வெளியே நடந்து வந்தார்.

வீம்பு என்கிறார் அண்ணி. கடைசி நேரத்தில் தலைசுற்றலுக்குப் பயந்துவிட்டாள் என்கிறார் கணவர். தன் குறுக்கீடு இல்லாமல் பிள்ளைகள் தாங்களே பேசட்டும் என்று விட்டார் என நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அது எனக்குப் பிடித்த காரணம், அவ்வளவுதான். அவரைக் கேட்டவர்கள் உண்டு. "வரல, வரல" என்பதற்கு மேல் யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

காரின் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டியைப் பின்னால் வைக்கச் சொன்னேன், மடியிலேயே வைத்துக்கொண்டார். போன் அடித்தது. திரையில் கணவர் பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, இம்முறை மகள். அந்தப் பெயரைச் சற்று அதிக நேரம் பார்த்தார். தன் இருக்கைக்கு முன்னால் டாஷ்போர்டில் இருந்த சிறு அறையைத் திறந்து, அடித்துக்கொண்டிருந்த போனை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தி, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார்.

"போலாம் சார்."