மணிக்கட்டில் கட்டிய துணி

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும், மன்னியுங்கள். ஹெப்பகோடி என்ற ஊரில் உள்ள கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கியே என் வலது கை விரல்கள் மரத்துப்போயின. மருத்துவமனையில் பயிற்சிப் படம் போட்ட தாளை மட்டும் கொடுத்தார்கள். செய்தால் வலித்தது. நரம்பு அறுகிறதென்று பயந்து நிறுத்திவிட்டேன். மணிக்கட்டைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் வேலை செய்தேன்.

புதிதாக வந்த பிசியோதெரபி மேடம் அதைப் பார்த்துப் பதறினார்.

“அண்ணா, நரம்பு போற வழியே இங்க குறுகிப்போயிருக்கு, அதையே இறுக்குறீங்களே! பயிற்சில கொஞ்சம் வலிச்சா நரம்பு அறுந்துடாது. மெதுவா செய்யுங்க.”

இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தாளைக் கொடுத்தவரிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்களுக்கெல்லாம் புரியாதுன்னு விட்டுட்டேன்பா.”

ஐந்தாவது வரை படித்த எனக்கு வலி மட்டும்தான் புரியுமா? இதை அங்கே கேட்க வாய் வரவில்லை. அதனால் இதைப் படிக்கும் உங்களிடம் எழுதிக் கேட்கிறேன்.

தை மாதம், இரண்டாம் ஞாயிறு.