ஷீட்டில் விடுபட்ட பாடு

எங்கள் தன்னார்வக் குழுவில் டேட்டா பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் தனத்திடமிருந்து வந்த போனைப் பற்றித்தான் சொல்வேன். தெற்குக் குப்பத்தில் கரையில் நின்று எங்களுக்காக இறால் எடையைக் குறித்துக் கொடுப்பவள் அவள்.

“அக்கா, நான் எழுதிக் குடுத்தத வச்சே எங்க ஊரு வலைய நிறுத்தணும்னு மனு குடுத்துகிறாங்க. இப்ப நாங்க இன்னா பண்றது?”

பழவேற்காடு ஏரியில் எந்த ஊருக்கு எத்தனை கிலோ இறால் கிடைக்கிறது என்று கிராஃப் போட்டு, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். அதில் எங்களுக்கு ஏகப் பெருமை வேறு. தெற்குக் குப்பத்தின் கோடு மற்ற ஊர்களைவிடத் தாழ்ந்து கிடப்பதைப் பார்த்த இன்னொரு குழு, அவர்கள் சின்னக் கண்ணி வலையால் குஞ்சு இறாலை அழிப்பதாக முடிவுகட்டி மனுவும் கொடுத்துவிட்டது.

ஷீட்டைத் திறந்ததும் தூக்கிவாரிப்போட்டது. ஊர் இருந்தது, பாடு இல்லை. இங்கே வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பேர். ஊர்கள் முறை வைத்து அதை மாற்றிக்கொள்ளும். முகத்துவாரப் பாட்டில் இறால் கொட்டும், மேட்டுப் பாட்டில் சேறுதான் வரும். நாங்கள் எடை குறித்த மாதங்களில் தெற்குக் குப்பம் மேட்டில் நின்றிருக்கிறது. அதை அடித்துச் சொல்ல வேண்டியவர்கள், அப்போது முகத்துவாரத்தில் நின்ற வடக்குக் குப்பத்தார். தெற்கின் வலை நின்றால் லாபமும் அவர்களுக்குத்தான்.

வடக்குக் குப்பத்துத் தலைவர் ஏழுமலையிடம் நம்பிக்கையில்லாமல்தான் போனேன். வலையைக் கீழே வைக்காமலே பேசினார்.

“ஆமாம்மா, அப்ப முகத்துவாரம் எங்க முறை. எழுதிக்கோ.”

“மனுவ விசாரிக்கிற கூட்டத்துல வந்து சொல்வீங்களா? உங்க ஊர்ல கோவிச்சுக்கப் போறாங்க.”

“கோவிச்சுக்கட்டும். முறை மாறிச்சுன்னா மேட்டுல நாங்க நிப்போம். அப்ப உங்க படம் எங்கள இன்னானு சொல்லும்?”

வந்தார், சொன்னார். மனுவை வாபஸ் வாங்கினார்கள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

இப்போது பாடு எழுதாத வரியை ஷீட்டில் ஏற்றுவதில்லை. சம்பந்தப்பட்ட ஊர்கள் பார்த்துத் தலையாட்டாமல் எந்த கிராஃபும் வெளியே போவதில்லை. இதற்கு ஏன் இவ்வளவு இழுபறி என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டுவேன். திருத்திய கிராஃபை எல்லா குரூப்பிலும் போட்டோம், யாரும் சீண்டவில்லை. பழையது போன வாரமும் ஒரு குரூப்பில் வந்தது, எங்கள் குழுவின் பெயரோடு. அந்த குரூப்பில் தனமும் இருக்கிறாள்.