சந்தேகமே வராத கையேடு

எங்கள் டீம் லீடர் வட்டம் போடக் காம்பஸ் வைத்துக்கொண்டதில்லை. டீ குடித்து முடித்த கிளாஸைக் கவிழ்த்துச் சுற்றிப் பென்சிலை ஓட்டினால் வட்டம் தயார்; ஒரு வட்டம் என்றால் இயந்திரத்தின் ஒரு நிலை. தளேகா ஊர் மருந்து ஆலையில் மாத்திரை பொதியும் இயந்திரம் எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்பதெல்லாம் அந்த வட்டங்களிலும் அவற்றை இணைக்கும் அம்புகளிலும் அடங்கிவிடும். அதைக் கணினி நிரலாக எழுதுவதுதான் ஹடப்சர் அலுவலகத்தில் அப்போது எங்கள் பிழைப்பு.

ஒரு நாள் மேலிடம் அவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வட்டமும் அம்பும் நிரலில் எங்கே, எப்படி இருக்கிறது என்று கையேடு எழுதச் சொன்னது. கையேடு முடிந்தால் எழுதியவருக்கும் வேலை முடிந்தது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வேறு இடம் கிடைப்பது கஷ்டம். மனுஷன் அசராமல் எழுத உட்கார்ந்துவிட்டார். படத்தில் இல்லாத ஒரு நிலையை நிரலில் அவரே சேர்த்திருந்தார். ஓடும்போது யாராவது இயந்திரத்தின் கதவைத் திறந்தால், அது அந்த நிலைக்குப் போய், கதவு மூடும்வரை காத்திருக்கும்.

"இத மட்டும் எழுதாம விட்டுடுங்க சார். அப்பத்தான் உங்கள வச்சுக்குவாங்க" என்றேன்.

"படிக்கறவங்க திண்டாடக் கூடாது அம்மிணி" என்று கோவைத் தமிழில் இழுத்துவிட்டு, அதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதினார். எனக்குக் கோபம்தான் வந்தது.

கையேடு முடிந்த கையோடு அவரை அனுப்பிவிட்டார்கள். நிரல் என்னிடம் வந்தது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கே தடுக்கினாலும் அடுத்த பத்தியில் விடை இருந்தது. அப்படியொரு கையேட்டை நான் பிறகு பார்க்கவே இல்லை.

சில வருடங்களில் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வேலை போன பிறகு, ஆபீஸ் நேரம் முழுக்க அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம்; கடைக்குக்கூட அனுப்ப முடியாதாம்.

"எப்படியும் கூப்புடுவாங்கன்னே சொல்லீட்டு இருந்தாரு கண்ணு. அவரு எழுதுனதுல ஒரு தப்புகூடவா இல்ல?"

இல்லை என்றேன். அழுகை எனக்குத்தான் முதலில் வந்தது.

"ஒண்ணாச்சும் உட்டிருக்கலாமுல்ல" என்றார் அவர்.

இப்போதும் இதே ஊரில் இதே வேலைதான். யாராவது கையேடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், எல்லாம் புரிந்தாலும் ஒரு முறை அவர்களுக்குப் போன் செய்துவிடுகிறேன். தெரிந்ததைத்தான் கேட்கிறேன்.