குண்டுக் கிழங்கு

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் படித்தவர் யாருமில்லை. அதனால் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நான்தான் தீர்த்துவைப்பேன். மறுத்துப் பேச ஆளில்லை.

அந்த ஆனியில் அப்பா மூன்று வருடச் சம்பங்கியைத் தோண்டி, கிழங்குகளை மறுபடி ஊன்றுவதற்காகக் கொட்டகை நிழலில் உலரப் போட்டிருந்தார். அப்பாவின் தங்கையான அத்தையும் கிழங்கு கேட்டிருந்தார். தன் கடலைக் கொல்லையில் முதன்முறையாகச் சம்பங்கி போட வேண்டுமென்பது அவர் ஆசை. சிங்கப்பூரிலிருந்த மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை. "கார்த்திகைக்குள்ள பூ வரலேன்னா உழுதுட்டுக் கடலையப் போட்டுரு" என்று போனில் கெடு வைத்திருந்தார். சம்பங்கி போடுவதுதான் அத்தை தானாக எடுத்த முதல் முடிவு.

அப்பா புதுக்கோட்டைக்குக் கிளம்பும்போது, "படிச்ச பய, நல்ல கெழங்காப் பாத்து அத்தைக்கு ஒரு மூட்டை எடுத்து வையி" என்றார்.

நல்லது எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கிழங்கு என்பது செடி உணவைச் சேர்த்துவைக்கும் இடம் என்று பாடத்தில் இருந்தது. பெரிய கிழங்கென்றால் நிறைய உணவு; நிறைய உணவென்றால் நிறையப் பூ. குண்டானவற்றையெல்லாம் பொறுக்கினேன். ஒவ்வொரு கிழங்கின் நடுவிலும் காய்ந்த குச்சி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாயில்லையே என்று ஒவ்வொன்றாகக் கிள்ளியெறிந்தேன். நுனி ஒடுங்கிய ஒல்லிக் கிழங்குகளை எங்களுக்கு வைத்துக்கொண்டேன். விட்டுக்கொடுத்த பெருமை வேறு.

ஐப்பசியில் எங்கள் வயலில் வரிசையாகத் தண்டு கிளம்பி, சாயங்காலமானால் ரோடு வரை மணத்தது. அத்தையின் கொல்லையில் வெறும் இலை.

"தண்ணி சரியா விடுறீங்களா அத்தை?"

"விடாம என்ன மருமகனே. கோரை கணக்கா எலையாவுல்ல நிக்கிது."

"ஒரம் பத்தல" என்றேன்.

கார்த்திகை பிறந்ததும் அத்தை ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தார். நடுக்கிழங்கு வற்றிக் கிடந்தது. சுற்றிலும் ஏழெட்டுக் குட்டிகள். நடுவிலிருந்த ஓட்டையை என்னிடம் காட்டினார்.

"இது என்னடா?"

"பழைய தண்டு இருந்த எடம் அத்தை. நாந்தான் கிள்ளிச் சுத்தம் பண்ணுனேன்."

அத்தை "சுத்தமாத்தான் பண்ணியிருக்க" என்று சிரித்துவிட்டு, தூரை அப்படியே திரும்ப ஊன்றினார்.

அன்று மாமா போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நாந்தாங்க ஆழமா ஊனிட்டேன். என் தப்புதான். குட்டி வச்சிருக்கு, அடுத்த ஐப்பசி வரைக்கும் விடுங்க." மாமாவின் சத்தம் எனக்கே கேட்டது. அத்தை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றார். ஆனால் கொல்லையை உழவிடவில்லை. மறு ஐப்பசியில் அது பூத்துக் குலுங்கியது.

ஒரு சம்பங்கிக் கிழங்கு ஒரே ஒருமுறைதான் பூக்கும். பிறகு பூப்பதெல்லாம் அதன் குட்டிகள் என்பதைக் கல்லூரியில் தாவரவியல் வகுப்பில்தான் படித்தேன். நான் பொறுக்கிக் கொடுத்த மூட்டை முழுக்கப் பூத்து முடித்த கிழங்கு. அது தெரியாமலிருக்க அடையாளத்தையும் கிள்ளிவிட்டிருக்கிறேன்.

ஆனால் மாமா போனில் சத்தம் போட்ட அன்று எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆழம் பார்த்து ஊன்றக்கூடத் தெரியவில்லையே! மறுநாள் ஸ்கேலை எடுத்துப் போய், எத்தனை அங்குல ஆழம் வேண்டுமென்று மண்ணில் குத்திக் காட்டினேன். அத்தை குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டார்.