சேஷாத்ரியின் ரைஃபிளுக்கு நிக்கல்

ஹவுராவில் சொந்தப் பட்டறை போட வாஞ்சிநாதன் சேஷாத்ரியிடம் பட்ட கடன் இருபதாயிரம் ரூபாய். ஒன்றரை வருஷத்தில் வட்டியோடு கொண்டுபோய் நீட்டினார். முதலை எடுத்துக்கொண்ட சேஷாத்ரி வட்டியைத் தொடவில்லை.

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி, ஒரு முதலாளியிடம் ஆசிட் தொட்டி கழுவித் தொழில் பிடித்தவர் வாஞ்சிநாதன். இன்றைக்குக் குழாயோ கதவுக் கைப்பிடியோ, நிக்கல் பூச்சென்றால் ஆற்றின் அந்தக் கரையிலிருந்தும் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். "நான் பூசினதுல துரு ஏறிச்சின்னு ஒருத்தன் சொல்லட்டும், பட்டறையப் பூட்டிட்டுப் போயிருதேன்" என்பார். துருதான் அவருக்கு ஆயுள் பகையாளி. அதை அடித்து விரட்டியே இரண்டு மாடி கட்டியவர்.

சேஷாத்ரி துறைமுக ஆபீஸ்காரர். கிளப்பில் குறி பார்த்துச் சுடுவதில் பிரியம். மாசியில் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் அவர் பேரில் இருந்ததால், அவருடைய பழைய ரைஃபிளை மனைவி ஜலஜா கல்கத்தா தர்மதலாவில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்தாள். இரும்பு மங்கி, ஆங்காங்கே சொறி பிடித்திருந்தது. சரியாகப் புதுப்பித்தால் லட்ச ரூபாய்க்கு ஆள் இருக்கிறது என்றார் கடைக்காரர். ஆஸ்பத்திரிச் செலவுக்காக டாக்குரியாவில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் வாங்கிய லட்சத்தை அதில் அடைத்துவிடலாம் என்றிருந்தாள் ஜலஜா.

எந்தப் பூச்சு என்று முடிவுசெய்ய வாஞ்சிநாதனையும் கடைக்கு அழைத்துப்போனாள். பழைய சாமானுக்குப் பழைய முறைதான் பொருந்தும் என்றார் கடை மிஸ்திரி. மருந்து தடவி, லேசாகத் துரு வரவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்துத் தேய்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் நீலம் பாய்ந்த கறுப்பு வரும். வாங்குகிறவரும் அதைத்தான் கேட்கிறார் என்றார். வாஞ்சிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கூலி வாங்கிக்கொண்டு துரு ஏற்றுகிற தொழிலை இன்றுதான் பார்க்கிறேன் என்று இந்தியில் சொன்னார்.

ஜலஜா இரண்டு பேரையும் பார்த்தாள். "நேக்கு ஒண்ணும் புரியலை, அண்ணா. இரும்பு உங்க சமாச்சாரம். நீங்க சொல்றதுதான்."

"சேஷாத்ரி சார் துப்பாக்கியில துருவா? நான் உசிரோட இருக்கையிலயா? மூஞ்சி பாத்துக்கிடலாம்மா, அப்படிப் பண்ணித் தாரேன்."

கடை ஆள் இரும்புப் பாகங்களைக் கொண்டுவந்து, வேலை முடியும்வரை பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தான். வாஞ்சிநாதன் வேறு யாரையும் தொடவிடவில்லை. நிக்கல் பிடிக்க வேண்டுமானால் அடி இரும்பு வழவழப்பாக வேண்டும். தாமே மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் பிடித்தார். மங்கல் போயிற்று, சொறி போயிற்று. விசைக்கு மேலே இருக்கிற பூட்டில் செதுக்கியிருந்த சின்னப் பூங்கொடியையும், பள்ளம் இருந்தால் அழுக்கு சேரும் என்று அழுத்திப் பிடித்தார். நிக்கல் தொட்டியிலிருந்து தூக்கியபோது குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஜலஜா கண்கலங்கி நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கடையில் ஜலஜா அதைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். பிறகு பூட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"அவர் தடவிண்டே இருப்பாரே, அந்தக் கொடி எங்கே, அண்ணா?"

"அது... தேச்சதுல போயிருச்சும்மா."

வாங்க வந்தவர் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பினார், மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். நிக்கலை உரித்துவிடலாமா என்று வாஞ்சிநாதன் மிஸ்திரியிடம் மெதுவாகக் கேட்டார். நிக்கல் உரியும், தேய்த்தெடுத்த இரும்பு திரும்ப வராது என்றார் மிஸ்திரி. கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை என்றிருந்தது வாஞ்சிநாதனுக்கு. இரண்டு மாதம் கழித்து, பளபளப்பு பிடித்த வேறொரு லைசென்ஸ்காரர் அறுபதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், பூச்சுக்கு எவ்வளவு என்று ஜலஜா கேட்டாள். அவர் பதறிப்போனார். கூலி வேண்டாம், குறைகிற நாற்பதாயிரத்தையும் நான்தான் தருவேன் என்றார்.

"ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனா? வளையல் இருக்கு, அதை வித்து அடைச்சுப்பேன். அவர் ஒருத்தருக்கும் கூலி பாக்கி வச்சதில்லை, அண்ணா. கையை நீட்டுங்கோ."

குரலில் கோபமே இல்லை. வாஞ்சிநாதன் ஆசிட்டில் வெந்து தடித்த கையை நீட்டினார். நடைபாதைக் கூட்டத்தில் நின்றபடியே ஜலஜா ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தாள்.